படிக்காமல் சொன்ன ‘சரி’

அன்று காலை நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. ஒலிப்பதிவு மென்பொருள் திறக்க மறுத்தது. “புதிய நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளவும்” என்ற வாசகத்தோடு திரை அப்படியே நின்றது. படிக்காமலே ‘சரி’ என்று தட்டினேன். நேயர்கள் காத்திருக்கும்போது வேறென்ன செய்ய முடியும்?

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த நிபந்தனைகளைச் செய்தி வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். இருபது நிமிடமாகியும் பாதியைத் தாண்டவில்லை. நடுவில் ஒரு வரி என்னை நிறுத்தியது: நிறுவனம் விரும்பினால் சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமாம்.

ஊடகத்துறையில் படித்த காலத்தில் கேள்விப்பட்ட ஓர் அமெரிக்கப் போராட்டம் நினைவுக்கு வந்தது. மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டம் எழுதித் தரும் ஆணையர் மாநாடு அங்கே உண்டு. 1999இல் அது ‘யூசிட்டா’ என்ற மென்பொருள் உரிமச் சட்டத்தை முன்வைத்தது. காசு கொடுத்து வாங்கி, வீட்டில் பெட்டியைப் பிரித்த பிறகே கண்ணில் படும் நிபந்தனையும் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். தகராறு வந்தால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு மென்பொருளைத் தூரத்திலிருந்தே முடக்கவும் வழி வைத்திருந்தார்கள்.

மைக்ரோசாஃப்ட், ஏஓஎல் போன்ற பெரிய நிறுவனங்கள் இதற்கு ஆதரவு திரட்டின. 2000இல் வர்ஜீனியாவும் மேரிலாந்தும் சட்டத்தை ஏற்றன.

எதிர்த்தவர்களில் நூலகர்கள் முன்னால் நின்றார்கள். விலைக்கு வாங்கிய புத்தகத்தை நூலகம் தாராளமாக இரவல் தரலாம். அதே புத்தகம் குறுந்தட்டில் ‘உரிமமாக’ வந்தால், இரவலைத் தடுக்க ஒரு வரி போதுமே! பயனீட்டாளர் சங்கங்கள், பொறியாளர்கள், மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள், காப்புறுதி நிறுவனங்கள் எனப் பலரும் சேர்ந்துகொண்டனர். அயோவா, வட கரோலினா, மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலங்கள், இந்தச் சட்டம் தம் மக்களைத் தொடாதபடி தடுப்புச் சட்டமே இயற்றின. 2002இல் முடக்கும் அதிகாரம் கைவிடப்பட்டது. 2003இல் ஆணையர்கள் பிரசாரத்தையே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு மாநிலங்களோடு அந்தச் சட்டம் நின்றுபோனது.

ஆனாலும் அன்று பெட்டிக்குள் இருந்த நிபந்தனை இன்று என் திரையில் ஒரு பொத்தானாக வந்து நிற்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அந்த நூலகர்கள் பொடி எழுத்தைப் படித்தார்கள், நான் படிக்கவில்லை.

என் கவலை நிகழ்ச்சியைப் பற்றியதல்ல. தோட்டத்துப் பாட்டிமார்கள் பாடிய தாலாட்டுகளைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். அவர்களில் சிலர் இப்போது இல்லை. அந்தக் குரல்களெல்லாம் இந்த ஒரு மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்புகளில் இருந்தன. கதவு என்னுடையது, சாவி யாரிடமோ!

அன்று மாலையே உட்கார்ந்து, எந்தக் கணினியிலும் ஒலிக்கும் சாதாரணக் கோப்புகளாக ஒவ்வொன்றையும் மாற்றத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை. உங்கள் வீட்டுக் குரல்களும் படங்களும் எதற்குள் பூட்டிக் கிடக்கின்றன? அடுத்த முறை ‘சரி’ என்று தட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.