ஊகத்திற்கு முன் விசாரணை



திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத்தை மாணவர்களுக்கு நடத்தும்போது இரண்டு வசனங்களில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பது என் வழக்கம். நம்பகமற்றவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவு பெற வேண்டும் என்று ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. ஊகங்களில் பலவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு பன்னிரண்டாவது வசனம் இறைநம்பிக்கையாளர்களிடம் கூறுகிறது. இவை வதந்திகளுக்கும் ஊர் வழக்குகளுக்கும் உரிய வசனங்கள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்டுக்குள், பெற்ற பிள்ளையின் விஷயத்தில் அவை நம் நினைவுக்கு வருவதில்லை.

டொரோண்டோவில் என் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்ததை அவருடைய அனுமதியோடும் வேண்டுகோளோடும் இங்கே எழுதுகிறேன். பிற தந்தையருக்கும் இது பயன்படட்டும் என்பது அவருடைய விருப்பம்.

நண்பர் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆர்கேட் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார். பழைய விளையாட்டுக் கூடங்களில் நின்றவாறு ஆடுவார்களே, அதைப் போன்ற மரப்பெட்டி. நாணயம் போடும் வழி அதில் இல்லை, பந்தயம் இல்லை. தொழுகை நேரத்தில் அணைத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். பிள்ளைகள் ஆளுக்கொரு அறையில் கைபேசியோடு ஒதுங்கிக் கிடப்பதைவிட ஓரிடத்தில் கூடி, முறைவைத்து ஆடட்டும் என்பதற்காகவே தம் கையால் மரம் அறுத்து அதைச் செய்தார். பெட்டியின் நடுவே டிராக்பால் எனப்படும் 3 அங்குலப் பந்து பதிக்கப்பட்டிருக்கிறது. அதை உள்ளங்கையால் உருட்டினால் திரையில் குறி நகரும்.

டிராக்பாலுக்கும் கனடாவுக்கும் பழைய உறவு உண்டு. 1952ஆம் ஆண்டில் கனடியக் கடற்படைக்காக உருவாக்கப்பட்ட டாட்டார் என்னும் கணினித் திட்டத்தில், இந்நாட்டின் ஐந்து முளைப் பந்துவீச்சு விளையாட்டின் பந்தையே பொறியாளர்கள் இதற்குப் பயன்படுத்தினார்கள். பின்னர் அது விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. 1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட மிசைல் கமாண்டு அவற்றுள் புகழ்பெற்றது. வானிலிருந்து விழும் ஏவுகணைகளிடமிருந்து ஆறு நகரங்களைக் காப்பதே அதில் ஆடுபவரின் வேலை. நண்பரின் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ரமலான் மாதம் முழுவதும் அந்தப் பெட்டி துணியால் மூடப்பட்டிருந்தது. பெருநாளன்று உறவினர் பிள்ளைகள் கூடித் திறந்தபோது பந்து சரியாக வேலை செய்யவில்லை. குறி இடம் வலமாகச் சீராக ஓடியது. மேலும் கீழும் உருட்டினாலோ நின்ற இடத்திலேயே நடுங்கியது. பந்தின் அருகே பலகையில் பிசுபிசுப்பான கறை ஒன்று இருந்தது. நண்பரின் இளைய மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், சற்று முன்பு மாம்பழச்சாறுக் கோப்பையோடு அங்கே நின்றதைப் பலர் பார்த்திருந்தார்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? விருந்தினர் முன்னிலையிலேயே மகனைக் கடிந்துகொண்டார் நண்பர். "நான் ஊற்றவில்லை வாப்பா" என்று அவன் சொன்னதற்குப் பொய் சொல்கிறான் என்ற இரண்டாவது குற்றச்சாட்டும் சேர்ந்தது.

அவன் என் மதரஸா மாணவன். பெருநாளுக்குப் பின் வந்த வகுப்புகளில் அவனுடைய ஓதலில் குரலே எழவில்லை. காரணம் கேட்டேன். "ஹஜ்ரத், நான் உண்மையைத்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லை" என்றான். மறுநாள் மாலை நண்பரின் வீட்டுக்குச் சென்றேன். என் மறைந்த தந்தை ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்கள்; மதரஸாவில் சேருமுன்பே பற்றவைப்புக் கோலைப் பிடித்த கை இது. "அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். தம்பியும் உடன் இருக்கட்டும்" என்றேன்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பந்தை வெளியே எடுத்தோம். இந்தக் கருவியின் அமைப்பு எளிமையானது. பந்து மூன்று இடங்களில் தாங்கப்படுகிறது. ஒன்று வெறும் தாங்கி. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த உருளைகள். ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. ஒவ்வோர் உருளையின் முனையிலும் பற்களுள்ள சிறு சக்கரம் உண்டு. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் அகச்சிவப்பு ஒளி, மறுபக்கத்தில் அதை உணரும் இரண்டு சென்சார்கள். பற்கள் ஒளியை மறைத்தும் திறந்தும் செல்லும்போது இரண்டு சமிக்ஞைகள் எழுகின்றன. எது முந்துகிறது என்பதைக் கொண்டு உருளும் திசையைக் கணினி அறிகிறது. இரண்டில் ஒன்று நின்றுபோனால் திசை தெரியாமல் ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாகக் கணக்கு தடுமாறும். குறி நின்ற இடத்திலேயே நடுங்கும். இரு சாட்சிகளில் ஒருவர் வராமல் போன வழக்கைப் போன்றது அது.

ஆகவே, நடுக்கத்தின் பொருள் ஓரளவு விளங்கியது. மேல் கீழ் அச்சில் ஒரு சமிக்ஞை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் உட்குழியைப் பார்த்தோம். சாறு இறங்கியிருந்தால் அங்கே பிசுக்கு இருக்க வேண்டும். ஒரு துளியும் இல்லை. உருளைகளின் நடுவில் வழக்கமான தூசி வளையம் மட்டும் இருந்தது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தோம். (அது குடிபானம் அன்று, நச்சு, இத்தகைய வெளிப்புறப் பயன்பாட்டை இக்கால அறிஞர்கள் பலர் அனுமதிக்கின்றனர்.) உருளைகள் தடையின்றிச் சுழன்றன. மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். நடுக்கம் அப்படியே இருந்தது.

"சாறு சென்சாருக்குள் போயிருக்கும், ஹஜ்ரத்" என்றார் நண்பர். அதையும் சோதிக்க ஒரு வழி இருந்தது. மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு சென்சார் பலகைகளிலும் செருகியிருந்த கனெக்டர்களை ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றிச் செருகச் சொன்னேன். சிறுவனே செய்தான். இப்போது பந்தை மேலும் கீழும் உருட்டினால் குறி இடம் வலமாக ஓட வேண்டும். அவ்வாறே ஓடியது, ஒரு நடுக்கமும் இல்லாமல். அதாவது, நாம் சந்தேகித்த சென்சார் நன்றாக இருக்கிறது. பந்தை இடம் வலமாக உருட்டியபோது, திரையில் குறி முன்போலவே மேல் கீழில் நடுங்கியது. பழுது சென்சாரைத் தாண்டி, கம்பியிலோ யூஎஸ்பி பலகையிலோ இருக்கிறது என்பது உறுதியாயிற்று. சாறு சென்றிருக்கவே முடியாத இடங்கள் அவை.

கம்பியை மெல்ல அசைத்தபோது குறி உயிர் பெற்று நகர்ந்தது, விட்டவுடன் நின்றது. கனெக்டருக்குள் நான்கு கம்பிகளில் ஒன்றின் உலோக முனை பின்னுக்கு நழுவியிருந்தது. கம்பி விறைப்பாக இழுபட்டு நின்றது; அதன் மறுமுனையிலிருந்த யூஎஸ்பி பலகையே ஆணியிலிருந்து கழன்று தொங்கியது. பெட்டியை யாரோ வேகமாக இழுத்து நகர்த்தியதற்கான அடையாளங்கள் அவை.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. ரமலானுக்கு முந்தைய வாரம், வீட்டார் தராவீஹ் தொழுகைக்கு ஸஃப் அமைக்க இடம் வேண்டுமென்று, அந்தப் பெட்டியைச் சுவரோரமாக இழுத்துத் தள்ளியவர் அவரே. நல்ல நோக்கத்தில் செய்த காரியம்தான். பலகையில் இருந்த கறையை அத்தனை பிள்ளைகளில் யார் சிந்தியது என்பது கடைசி வரை தெரியவில்லை. அது பலகையின் மேலேயே காய்ந்துபோயிருந்தது. பழுதுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

நழுவிய முனையை மீண்டும் அழுத்திப் பொருத்தி, பலகையைத் திருகி, கம்பிக்குச் சற்றுத் தளர்வு கொடுத்தோம். கனெக்டர்களைப் பழையபடி செருகினோம். பத்து நிமிட வேலை. அதன்பின் நண்பர் செய்ததுதான் கடினமான வேலை. மகனின் முன் அமர்ந்து, "வாப்பா விசாரிக்காமல் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்" என்றார். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதால், அடுத்த வெள்ளிக்கிழமை அதே உறவினர்களை விருந்துக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே மகன் சொன்னதுதான் உண்மை என்பதை எடுத்துரைத்தார். இருட்டறையில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளாத அந்தப் பெருந்தன்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெற்றோர்களே, இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் கண்ணில் பட்ட முதல் காரணத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, மாற்றி வைத்துப் பார்த்து, குற்றமற்ற பாகத்தைக் குற்றமற்றது என்று முதலில் விடுவிக்கிறார். உயிரற்ற கம்பிக்கு நாம் காட்டும் இந்த நிதானத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா? கறையும் கோப்பையும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லலாம். அந்தக் கதை உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மை பேசியும் நம்பப்படாத பிள்ளை, அடுத்த முறை உண்மை பேசுவதில் என்ன பயன் என்று எண்ணத் தொடங்கும். அந்த இழப்பைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதாது.

தீர விசாரித்து, நீதியோடு பேசும் நாவையும், தவறு தெரிந்தால் பிள்ளையிடமும் பணியும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.