பனங்கட்டியும் கச்சானும் சேர்ந்த சொக்லேட் உருண்டை



இடைவேளை முடிந்ததும் வகுப்புக் குப்பைக்கூடையைப் பார்த்தால் சொக்லேட் உறைகள்தான் அதிகம். "வீட்டில் செய்து குடுத்தால் நல்லதா டீச்சர்?" என்று தாய்மார் பலர் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பனங்கட்டியும் சீனிதான். பேரீச்சம்பழத்திலும் இனிப்பு நிறைய உண்டு. "இயற்கை" என்ற பேரைப் பார்த்துப் பல்லுச் சூத்தை விலகிப் போகாது, சீனி வருத்தமும் விலகாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவுப்படி, நாங்கள் சேர்க்கும் சீனி ஒரு நாள் சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 வீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. வளர்ந்தவர் ஒருவருக்கு அந்த 5 வீதம் என்பது ஏறத்தாழ 25 கிராம், ஆறு தேக்கரண்டி. பிள்ளைக்கு அதிலும் குறைவு. கடைப் பால் சொக்லேட்டில் ஏறத்தாழ பாதி சீனி. ஆகவே சீனியை மாற்றினால் மட்டும் போதாது, குறைக்க வேண்டும்.

இதற்கு எங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தவை. "நட் பட்டர்" என்பது வேறொன்றுமில்லை, எண்ணெய் விடும்வரை அரைத்த கச்சான்தான்.

செய்முறை இதுதான்:

கச்சான் பருப்பு 250 கிராமை மெல்லிய நெருப்பில் வறுத்து, தோல் நீக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சானில் ஈரலைக் கெடுக்கும் நச்சு உண்டு. வறுத்தாலும் அது முழுதாய்ப் போகாது. ஆறியதும் மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும், பொறுமையாய் அரைத்தால் தானே எண்ணெய் விட்டு இளகும். வேறு எண்ணெய் தேவையில்லை.

பனங்கட்டி 50 கிராமை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, வடித்து, கொஞ்சம் இறுகக் காய்ச்சுங்கள். வடிக்காவிட்டால் மண் கடிபடும். நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சம்பழம் எட்டைக் கொட்டை நீக்கி மசியுங்கள். இரண்டையும் கச்சான் விழுதோடு சேர்த்து, சீனி சேராத கொக்கோத் தூள் இரண்டு மேசைக்கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசையுங்கள். குடிக்கிற சொக்லேட் தூள் வேண்டாம், அதில் சீனி இருக்கும். 30 உருண்டை பிடித்து, வறுத்த எள்ளில் புரட்டுங்கள். ஒன்றில் இனிப்பு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

மேலே தேங்காய் எண்ணெயும் கொக்கோவும் கலந்து பூசச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உருகிவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் அது பிள்ளையின் கையிலும் வெள்ளைச் சட்டையிலும்தான் இருக்கும். அதனால்தான் நாங்கள் கொக்கோவை உள்ளேயே சேர்க்கிறோம்.

இன்னும் மூன்று விசயம். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு துணுக்கே உயிராபத்து. கேட்காமல் மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிட விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், நன்றாய் அரைத்ததையே குடுங்கள். கச்சானில் கொழுப்பு அதிகம், அதனால் ஒரு நாளைக்கு இரண்டு உருண்டை போதும்.

ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கினால் மரம் ஏறிச் சீவுகிறவர் வீட்டுக்கும் அந்தக் காசு போகும். எங்கள் வீடுகளில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்காத வீடு குறைவு. அந்த மருந்துப் பெட்டி பிள்ளைகளின் கைக்குப் போவதைத் தள்ளிப்போட, அவர்களின் நாக்கை இப்போதே குறைந்த இனிப்புக்குப் பழக்குவோம். உருண்டை பிடிக்கும்போது அவர்களையும் பக்கத்தில் இருத்துங்கள். தான் பிடித்த உருண்டையைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது.

செய்து பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் உம்மம்மா, அம்மம்மா செய்த எள்ளுருண்டைப் பக்குவம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் செய்து பார்ப்போம்.