அப்பாவின் தராசும் 0403:6001-உம்

சனிக்கிழமை காலமை எங்கட கடையில் நிற்க இடம் இருக்காது. ஸ்காபரோத் தமிழாக்கள் முருங்கைக்காயும் விளைமீனும் வாங்குகிற நாள். அந்த நேரம் பார்த்து முதலாவது கவுண்டரின் மின்தராசு கொம்பியூட்டரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. தராசில் நிறை தெரிகிறது, திரையில் வரவில்லை. அப்பா பேனையை எடுத்து மட்டையில் கணக்கு எழுதத் தொடங்கினார்.

"இரவு மேசை துடைக்கேக்க வயரைக் கழட்டினனான் பிள்ளை. திரும்ப வேறை ஓட்டையில குத்திட்டன் போல."

"அதால ஒன்றும் ஆகாது அப்பா. யுஎஸ்பி எந்த ஓட்டையிலயும் வேலை செய்யும். நீங்கள் வேறென்னவோ அமத்தியிருக்கிறீங்கள்."

வரிசையில் நின்ற ஆன்ரிமாருக்கு முன்னால்தான் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை.

இரண்டாவது கவுண்டரிலும் அதே மாதிரி வயர். அதையும் அவர் இடம் மாற்றித்தான் குத்தியிருந்தார்; அது வேலை செய்தது. தராசின் பழைய சீரியல் இணைப்பை யுஎஸ்பி ஆக்குகிற வயர்கள் இவை. உள்ளே ஒரு சிப் இருக்கும். இரண்டும் கணினியிடம் தங்களை 0403:6001 என்றுதான் அறிமுகம் செய்தன. முதல் எண் தயாரித்தவரைக் குறிக்கும், இரண்டாவது பொருளை. எண் ஒன்றென்றால் சிப்பும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். எங்கள் வகுப்பில் மூன்று அபிராமிகள் இருந்தது அப்போது ஞாபகம் வரவில்லை.

இரவு இரண்டு வயரையும் என் லினக்ஸ் லப்டொப்பில் குத்தி, 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையில் முழு விவரத்தையும் கேட்டேன். அதில் 'பிசிடிடிவைஸ்' என்று ஒரு வரி வரும். (வின்டோஸில் டிவைஸ் மனேஜரில் ஹார்ட்வேர் ஐடியின் கடைசியில் 'ரெவ்' என்று இருப்பதும் இதுதான்.) ஒழுங்காக வேலை செய்த வயரில் 6.00. அது எஃப்டி232ஆர். மற்றதில் 2.00. அப்படியென்றால் எஃப்டி8யு232ஏஎம் என்ற மிகப் பழைய சிப். சரி, கிழட்டு வயர் என்று மூடப் போனேன்.

ஆனால் லினக்ஸ் டிரைவரின் நிரலுக்குள் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. பிஎம் வகைச் சிப் 4.00 என்று சொல்லவேண்டும். தொடர் எண் இல்லாதபோது ஒரு பிழையால் 2.00 என்று சொல்லிவிடும். எனவே 'ஐசீரியல்' வரியையும் பார்த்தேன். பூச்சியம். கையில் இருந்தது எஃப்டி232பிஎம்.

ஆர் சிப்புக்கு உள்ளேயே ஈஈப்ரொம் நினைவகம் உண்டு. தொடர் எண் தொழிற்சாலையிலேயே அதில் எழுதப்பட்டுவிடும். பிஎம்முக்கு அதை வெளியே தனியாகப் பொருத்தவேண்டும். இந்த வயரைச் செய்தவர் அந்தக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். தொடர் எண் இருந்தால், எந்த ஓட்டையில் குத்தினாலும் வின்டோஸ் அதே வயர் என்று கண்டுகொண்டு அதே கொம் எண்ணைக் கொடுக்கும். இல்லாவிட்டால் ஓட்டைதான் அடையாளம். ஓட்டை மாறினால் கொம்3 வேறு எண்ணாகிவிடும். கடை மென்பொருளோ கொம்3-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஞாயிறு கடை திறக்க முன்னம் அப்பாவிடம், "நீங்கள் சொன்னதுதான். ஓட்டைதான் பிழை," என்றேன். கத்தரிக்காய்ப் பெட்டியை வெட்டிக்கொண்டே "ம்" என்றார். ஆன்ரிமாருக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டியது.

வயரை இன்னும் மாற்றவில்லை. சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் அம்மா தன் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டிருக்கிறார்.