சற்றுத் தள்ளி நின்று அழையுங்கள்

அமெச்சூர் வானொலியில் 2017-இல் அறிமுகமான எஃப்டி8 முறையில், 15 விநாடிக்கொரு முறை கணினிகள் மாறி மாறி அழைத்துப் பதில் தருகின்றன. ஒருவர் பொது அழைப்பு விடுத்ததும் அவர் இருக்கும் அலைவெண்ணிலேயே பலரும் குவிகிறார்கள். ஏன் என்றுதான் எனக்குப் புரிவதில்லை! ஓர் அழைப்புக்கு 50 ஹெர்ட்ஸ் இடம் போதும். ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் எங்கிருந்து அழைத்தாலும் அவருடைய மென்பொருள் படித்துவிடும். ஒரே இடத்தில் மோதிக்கொண்டால், அடுக்குமாடிச் சன்னலில் கம்பி கட்டியிருக்கும் என்னைப் போன்றவர்களின் குரல்தான் முதலில் அமுங்கும்.

இதில் மென்பொருளுக்கும் பங்குண்டு. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ‘ஹோல்ட் டிஎக்ஸ் ஃப்ரீக்’ கட்டத்தில் குறியிட்டால் நாம் தேர்ந்த காலியிடத்திலேயே நிற்போம். இல்லையேல், அழைப்பை இருமுறை சொடுக்கியதும் அது நம்மை அழைத்தவர் தலைமேல் உட்காரவைத்துவிடும். நாமோ எதிரில் இருப்பவருக்குப் பண்பாடு தெரியவில்லை என்று முணுமுணுக்கிறோம். பல வேளைகளில் அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தேயிருக்க மாட்டார்.