தரிசு

கைவிடப்பட்டது என்ற சொல்லில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கைவிட்டவன் யார் என்று அது கேட்பதில்லை.

ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் காஸெட்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. 1982ல் இங்கிலாந்தில் வந்த யந்திரம். நினைவகம் 48 கே. புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கே அதை விற்றது. புரோகிராம் காஸெட்டில் ஓசையாகப் பதிந்திருக்கும். டேப்ரிகார்டரை ஓடவிட்டு யந்திரத்தைக் கேட்க வைக்க வேண்டும். கள்ளக்குறிச்சியின் வெயிலும் புழுக்கமும் அந்த ஓசையைத் தின்றுகொண்டிருக்கின்றன. நண்பர் ஒருவர் பிரதி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். இது திருட்டில்லையா என்று பிறகு அவரே கேட்டார்.

சட்டப்படி அவர் கேள்வி சரிதான். 1984ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். யந்திரத்தின் உற்பத்தியோ 1992லேயே நின்றுவிட்டது. 1986ல் ஸ்பெக்ட்ரத்தை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், 1999ல், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, யந்திரத்துக்குள் இருக்கும் மூல புரோகிராமைப் பிரதி செய்து பரப்ப அனுமதித்தது. விளையாட்டுகளை வெளியிட்ட நிறுவனங்கள் பல கலைந்துபோயின. அங்கே அனுமதி கேட்கத் தட்டுவதற்குக் கதவில்லை.

இலக்கியம் என்று சட்டமே சொல்லிவிட்டதால், இலக்கியத்தில் நாம் செய்துவருவதைப் பார்க்கலாம். ஏட்டைப் பெயர்த்து எழுதியவன் இல்லையென்றால் சங்கப் பாடல்கள் இல்லை. நின்றுபோன சிறுபத்திரிகைகளை நம்மில் பலர் படித்தது ஜெராக்ஸில்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் கவிதைக்குக் கீழிருந்த பெயரை யாரும் வெட்டவுமில்லை.

மானிக் மைனர் என்ற விளையாட்டை 1983ல் எழுதியபோது மாத்யூ ஸ்மித் பதின்வயதுப் பையன். பின்னால் சில ஆண்டுகள் அவர் எங்கே என்றே விளையாடியவர்களுக்குத் தெரியவில்லை. விற்றவன் கைவிட்டான் என்றால் எழுதியவனும் கைவிட்டான் என்று ஆகிவிடுமா? அந்நாட்களில் பூட்டை உடைத்துப் பிரதி எடுத்தவர்களில் சிலர், திரையில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். திருட்டு அங்கே இருப்பதாக எனக்குப் படுகிறது.

கல்வராயன் மலையடிவாரத்தில் தரிசாகக் கிடக்கும் கொல்லையில் யார் மாடும் மேயும். நிலத்துக்காரன் ஒன்றும் சொல்வதில்லை. மரத்தை வெட்டி விற்றாலோ, எல்லைக்கல்லைப் பிடுங்கினாலோ விஷயம் வேறு. அவனே வந்து போதும் என்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவன் வரும்வரை, காஸெட் வெறும் பிளாஸ்டிக்காகும்வரை, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதை நேர்மை என்று சொல்ல என்னால் முடியவில்லை.