ஃபில்டர் வாங்கப் போன கதை

எழுபது வயதில் கடல் மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. "தண்ணி மாத்தறது யாரு?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தைந்து வருடம் தொலைபேசித் துறையில் கேபிள் பழுது பார்த்தவனுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி பெரிய காரியமா என்று நினைத்தேன். பெரிய காரியம்தான் என்று எனக்குப் புரிய இரண்டு மீன்கள் சாக வேண்டியிருந்தது.

எல்லாம் பேரனுக்காக. மாப்பிள்ளை வேலைக்கு மஸ்கட் போன பிறகு மகளும் பேரனும் பெரம்பூரில் எங்களோடு இருக்கிறார்கள். பையனுக்கு ஒன்பது வயது. வந்த நாளிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில், அவ்வளவுதான். கார்ட்டூன் படத்தில் வருமே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், அது வேண்டும் என்றான். இரண்டு மாதத்தில் அவனாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். எப்படி மறுப்பது?

கொளத்தூர் எங்களுக்குப் பக்கம். அலங்கார மீனுக்குப் பேர்போன இடம். ஒரு கடையில் இரண்டடித் தொட்டி, பின்பக்கம் மாட்டும் ஃபில்டர், புற ஊதா விளக்கு, கடல் உப்புப் பாக்கெட் எல்லாம் வாங்கினேன். "நாலு நாள் ஓடட்டும் சார், அப்புறம் மீன் விடலாம்" என்றார்கள். நானும் ஏன் நாலு நாள் என்று கேட்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு மீன்களை விட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. அடுத்தடுத்த நாளில் போய்விட்டன. பேரன் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்தான். "இனிமே வேண்டாம் தாத்தா" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். செய்ய வேண்டியதை முதலில் செய்யாமல் பிறகு செய்வது நம் தலைமுறையின் பழக்கம் போலிருக்கிறது.

தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. மீனின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீனுக்கு விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலில் உறை ஊற்றி ஐந்தே நிமிடத்தில் தயிர் கேட்டவன் கதைதான் என் கதை. நான் வாங்கிய புற ஊதா விளக்கு மிதக்கும் கிருமியைக் கொல்லுமே தவிர, அம்மோனியாவைத் தொடாது.

இரண்டாம் முறை சாமான் பட்டியலை நானே போட்டேன். ஃபில்டருக்கு வேலை மூன்று: தூசியைப் பிடிப்பது, நுண்ணுயிருக்கு இடம் கொடுப்பது, கரைந்த நிறத்தையும் வாடையையும் கரி வைத்து இழுப்பது. ஒவ்வொரு கருவியையும் இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பார்த்தேன்.

கேனிஸ்டர் என்று மூடிய டப்பா ஃபில்டர் ஒன்று உண்டு. நல்ல சாமான்தான். ஆனால் உள்ளே அழுக்கு சேர்வது தெரியாது, கழற்றிக் கழுவச் சோம்பல் வரும், நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். முட்டி வலியோடு குனிந்து அதைத் தூக்கி இறக்க என்னால் ஆகாது. அதை விட்டேன்.

ப்ரோட்டீன் ஸ்கிம்மர் என்று இன்னொன்று. வெல்லப்பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையோடு மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடுவோம் இல்லையா? அதே தத்துவம். உப்புத் தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி விட்டால், கரைந்த கழிவு குமிழியில் ஒட்டி நுரையாக மேலே ஏறிக் கிண்ணத்தில் விழும். அம்மோனியா ஆவதற்கு முன்பே கழிவில் ஒரு பகுதி வெளியே போய்விடும். பெரிய தொட்டிக்கு அவசியம். எங்கள் தொட்டியில் கல் போக அறுபது லிட்டர்தான் தண்ணீர். இரண்டு சிறு மீனுக்கு வாரம் ஆறு லிட்டர் மாற்றினாலே போதும். அதையும் இப்போதைக்கு விட்டேன்.

மிச்சமான பணத்தில் சோதனைக் கிட், உப்பின் அளவு பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டர், மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப், நீரோட்டத்துக்கு ஒரு சின்ன வேவ் மேக்கர் வாங்கினேன். பழைய மாட்டும் ஃபில்டரே போதும் என்று வைத்துக்கொண்டேன். பஞ்சை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும்.

உண்மையான ஃபில்டர் எது தெரியுமா? கல். துளைத்துளையாக இருக்கும் கல்லுக்குள்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். வெளிநாடுகளில் இதற்குப் பவளக் கல்லைக் கடலிலிருந்து எடுத்துப் போடுவது வழக்கம். நம் நாட்டில் கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு.

பேரன் பவளம் கேட்டபோது என் ஊர்க் கதையைச் சொன்னேன். நான் பிறந்தது தூத்துக்குடி. தீவுகளின் ஓரத்தில் பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் கொண்டுவந்து கரையில் குவித்திருப்பார்கள். சூளையில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தச் சுண்ணாம்புதான். அது உயிர் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும், அரணாக நின்ற பாறையை வெட்டியதால் கடலுக்குள் போய்விட்டன. "அப்போ நம்ம வீடு அந்தத் தீவா தாத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. சுட்ட பீங்கான் கல்லையே வாங்கினோம்.

உப்பிலும் ஒரு பாடம். உப்பளத்து ஊர்க்காரன் உப்பைப் பாக்கெட்டில் விலை கொடுத்து வாங்குவதா என்று தோன்றியது. ஆனால் பாத்தியில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. சுண்ணாம்புச் சத்து முன்னமே ஜிப்சமாகப் படிந்துவிடும், மக்னீசியம் கசப்பு நீரோடு போய்விடும். மீனுக்கு முழுக் கடலும் வேண்டும். ஆகவே பாக்கெட் உப்புதான், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கில், ஆர்.ஓ. தண்ணீரில். ஆவியாகிக் குறையும்போது மட்டும் உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே இருக்கும்.

பிறகு மீன் இல்லாத தொட்டியில் ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டேன், அம்மோனியாவுக்காக. "இறால் விக்கிற விலையில தண்ணியில போட்டு அழுக விடறீங்களே!" என்றாள் மனைவி. பேரன் முதலில் பக்கத்தில் வரவில்லை. சோதனைக் குழாயில் சொட்டு விட்டதும் மஞ்சள் பச்சையாக மாறியதைப் பார்த்து வந்தான். மறுநாள் சொட்டை அவன் விட்டான். பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தான். அம்மோனியா ஏறியது, இறங்கியது. நைட்ரைட் ஏறியது. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம்… வெறும் தண்ணீருக்கும் கல்லுக்கும் தினமும் விளக்குப் போடும் வீட்டை அண்டை வீட்டார் எப்படிப் பார்த்திருப்பார்களோ.

ஆறாம் வாரம் ஒரு ராத்திரி மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றான். "அப்பா, அம்மோனியா ஜீரோ. நைட்ரைட்டும் ஜீரோ. இனி பாதித் தண்ணி மாத்திட்டு மீன் விடலாம். கடல்ல பிடிச்சது வேண்டாம், பண்ணையில பொரிச்சதுதான்." இருபது நிமிஷம் பேசினான். மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு மீன்கள் வந்தன. எட்டு மாதம் ஆகிறது, நன்றாக இருக்கின்றன. தண்ணீர் மாற்றுவது யார் என்று இப்போது மனைவி கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவது அவன்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அளவு சொல்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மீனைக் கடைசியாக வாங்குங்கள்.