மாடு கட்டியவனும் ஊர் சுத்தலாம்

மூணு வாரமா இங்க ஒண்ணும் எழுதல. உடம்புக்கு என்னன்னு ரெண்டு பேர் போன் பண்ணிக் கேட்டீங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. நானும் வீட்டுக்காரியும் ஊர்ல இல்ல, அவ்வளவுதான்.

"நீங்களா? ஊர்ல இல்லையா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மாடு வச்சிருக்கவன் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில உக்காந்துகிட்டே மணி பாப்பான். சாயங்காலம் பால் கறக்கணும், தண்ணி காட்டணும். இருபத்தாறு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல வெளியூர்ல ராத்தங்கினது நாலு தடவை இருந்தா அதிகம். அதுல ரெண்டு ஆஸ்பத்திரி.

இந்தத் தடவை போனது பொண்ணு செஞ்ச வேலை. பெங்களூர்ல இருக்கா. அவளும் மாப்பிள்ளையும் லீவு கிடைச்சா ஹோட்டல்ல தங்கறதில்ல. யாராவது ஊருக்குப் போறப்ப அவங்க வீட்டுல போய்த் தங்கி, நாய், பூனை, செடி கொடி எல்லாம் பாத்துக்கிறாங்க. வாடகை கிடையாது, கூலியும் கிடையாது. வெளிநாட்டுல இதுக்குன்னே வெப்சைட் வச்சு, வருஷச் சந்தா கட்டி ஆள் தேடறாங்களாம். ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருன்னு இப்படியே சுத்தறவங்களும் இருக்காங்களாம். "நம்ம ஊர்ல இதுக்குப் பேரு பக்கத்து வீடு"ன்னேன். "அப்படின்னா நீயே ஒரு தடவை போயேன்ப்பா"ன்னா.

அவ ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற பிள்ளையோட அப்பா அம்மா கேரளாவுல, கொல்லம் பக்கம் மன்றோ தீவுல இருக்காங்க. ரெண்டு பேருமே ரிட்டயர்டு வாத்தியார். மூத்த மகளுக்குப் பிரசவம், துபாய்க்கு பதினாறு நாள் போகணும். வீட்டுல பதினோரு வயசு நாய் ஒண்ணு, ஆறு வாத்து. நாய் பேரு குட்டன்.

எனக்கு ஆசை வந்துருச்சு. சம்பா அறுத்தாச்சு, தாளடியில தெளிச்ச உளுந்து தானா வளருது. ஆனா மாடு? லெச்சுமி சினை. மாசிக் கடைசியில கன்னு போடணும். அதை யார்கிட்ட விடறது?

பக்கத்துக் கொல்லையிலதான் எங்க அண்ணன் இருக்கார். ஆறு வருஷமா பேச்சில்ல. வாய்க்கால் தலைமாட்டுல ரெண்டடி வரப்பு. அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல, கிராமத்துல பொறந்தவங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரிதான் முதல்ல அண்ணிகிட்ட பேசினா. "உன் புருஷன் வந்து கேக்கட்டும்"னு பதில் வந்துச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நாள் போய் நின்னேன். அண்ணன் வைக்கோல் புடுங்கிகிட்டே, என் மூஞ்சியப் பாக்காம சொன்னார்: "மாடு யாருது? அப்பா புடிச்சு வந்த மாட்டோட வம்சம்தானே. போயிட்டு வா."

திருத்துறைப்பூண்டியில வேளாங்கண்ணி - எர்ணாகுளம் ரயில் ஏறி, காலையில கொல்லம். அங்கேர்ந்து பாசஞ்சர் ரயில். ஸ்டேஷன் பேரே மன்றோதுருத்துதான். சென்னையில குதிரை மேல உக்காந்திருக்காரே தாமஸ் மன்றோ, அவரு வேற. இது 1810 வாக்குல திருவிதாங்கூர்ல ரெசிடென்டா இருந்த ஜான் மன்றோ பேரு. கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயல்ல வந்து சேர்ற இடத்துல, ஆத்து வண்டலே மேடு கட்டி உண்டான சின்னச் சின்ன தீவுங்க. தெருவுக்குப் பதிலா பாதி இடத்துல வாய்க்கால்தான்.

வாத்தியார் தம்பதி கிளம்பறதுக்கு ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லியிருந்தாங்க. அது நல்ல ஏற்பாடு. நாய் எங்களை மோந்து பாக்கணும், மோட்டார் எப்படிப் போடறதுன்னு நாங்க பாக்கணும். ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருந்தார். குட்டனுக்குச் சோறும் மத்தி மீனும், வெங்காயம் ஆகாது, வலது கண்ணு சரியாத் தெரியாது, மாட்டு டாக்டர் நம்பர், பியூஸ் கட்டை இருக்கிற இடம். மலையாளத்துல எழுதினதை எங்களுக்காகப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிச்சுக் காமிச்சு, பொண்ணு அதைத் தமிழ்ல எழுதி வாட்ஸப்புல அனுப்பினா. கடைசி வரி: "வாவு நாள்ல முற்றத்துல தண்ணி ஏறும். பயப்பட வேண்டாம். குட்டனை உள்ளே கட்டவும்." வாவுன்னா அமாவாசை, பௌர்ணமி.

வீட்டுல ஆரஞ்சு கலர்ல ஒரு கயாக் இருந்துச்சு. ரெண்டு பேர் உக்கார்ற பிளாஸ்டிக் படகு, ரெண்டு முனையிலும் தட்டை வச்ச துடுப்பு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகுல போனவன்தான் நான், இது என்ன பெரிய வித்தைன்னு ஏறினேன். வட்டமா சுத்துது. பக்கத்து வீட்டுப் பையன் காலையில அஞ்சரைக்கெல்லாம் டூரிஸ்டுகளைக் கயாக்ல கூட்டிட்டுப் போறவன். கரையில நின்னு சிரிச்சான். "கையால இழுக்காதீங்க சேட்டா, இடுப்பைத் திருப்புங்க"ன்னான். மம்பட்டி புடிச்ச கைக்கு எதையும் இழுத்துத்தான் பழக்கம். மூணு நாள் ஆச்சு.

அஞ்சாம் நாள் வீட்டுக்காரி முன்னாடி உக்காந்தா. லைஃப் ஜாக்கெட்டைப் புடவை மேல மாட்டிகிட்டு, "தண்ணியில தள்ளினா உங்களுக்குச் சோறு கிடையாது"ன்னு சொல்லிட்டுத்தான் ஏறினா. வாய்க்காலுக்கு மேல அலையாத்தி மரம் வளைஞ்சு பந்தல் மாதிரி நிக்குது, குனிஞ்சு போகணும். தேங்கா மட்டை ஊறப் போட்ட நாத்தம், நடுவுல மீன்கொத்தி. அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசல அவ. அப்புறம், "நாம இப்படி சும்மா இருந்து எவ்வளவு நாளாச்சு"ன்னா. எனக்குப் பதில் தெரியல.

துடுப்புப் போட்டுப் போறப்ப ஆளில்லாத வீடு நிறைய கண்ணுல பட்டுச்சு. தரையில உப்பு பூத்து, கதவு ஊதி, கூரை மட்டும் நிக்குது. தீவு தாழ்ந்துகிட்டே போகுதுங்கறாங்க. சுனாமிக்கு அப்புறம்தான்னு ஒருத்தர், ரயில் அதிர்வுன்னு இன்னொருத்தர். ஒரு பெரியவர் சொன்னதுதான் எனக்கு மனசுல தைச்சுது: தென்மலையில 1986-ல அணை வந்த பிறகு ஆத்துல வண்டல் வரத்து குறைஞ்சு போச்சாம். காரணம் எத்தனையோ இருக்கலாம். ஆனா மேட்டூருக்குக் கீழ பொறந்தவனுக்கு அது புரியும். வெள்ளம் வந்தா திட்டுவோம், அது போட்டுட்டுப் போற வண்டலை மறந்துருவோம். அந்த வாத்தியார் வீட்டைப் பூட்டிட்டுப் போகாம எங்களைக் கூப்பிட்டது ஏன்னும் அப்பதான் விளங்குச்சு. அந்த ஊர்ல ஆள் இல்லாத வீடு சீக்கிரம் தண்ணிக்குப் போயிடும்.

இப்ப என் தப்பைச் சொல்றேன். மாசிப் பௌர்ணமி. நோட்டுல எழுதியிருந்தபடி குட்டனை உள்ளே கட்டினேன். அது முனகிகிட்டே இருந்துச்சு. பாவமா இருக்கேன்னு பத்து மணிக்கு அவுத்து, திண்ணையில படுக்க விட்டேன். நம்ம ஊர் நாய் மாதிரி நினைச்சுட்டேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்து பாத்தா முற்றம் பூரா தண்ணி, நிலா வெளிச்சத்துல தகதகன்னு நிக்குது. நாயைக் காணோம்.

வயித்துல என்னமோ பண்ணுச்சு. நம்ம மாடு செத்தா அழுதுட்டு விட்டுருவோம். அடுத்தவன் நம்பிக் குடுத்த உசுரு! பதினோரு வயசு, ஒரு கண்ணு வேற தெரியாது. கயாக்கை அவுத்து ஏறினேன். வீட்டுக்காரி திண்ணையிலேர்ந்து டார்ச் அடிக்கிறா. "குட்டா, குட்டா"ன்னு கூப்பிட்டுகிட்டே வேலி ஓரமா போனேன். நாலாவது வீட்டுல, துணி துவைக்கிற கல்லு மேல நடுங்கிகிட்டு நின்னுச்சு. மேல ஏத்தினா படகு ஆடுது, அது துள்ளுது. கடைசியில நான் இறங்கி, இடுப்பளவு தண்ணியில நடந்து, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அதை உக்கார வச்சுத் தள்ளிகிட்டு வந்தேன். கத்துகிட்ட துடுப்பு வித்தை ஒண்ணும் உதவல.

விடிஞ்சதும் வாத்தியாருக்குப் போன் போட்டேன். சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வீட்டுக்காரி, "சொல்லிருங்க"ன்னா. சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அவன் அந்தக் கல்லுக்குத்தான் போவான். என்கிட்டயும் ரெண்டு தடவை ஏமாத்தியிருக்கான். நீங்க சொன்னீங்களே, அது போதும்"னார்.

அதே சூட்டோட அண்ணனுக்கும் அடிச்சேன். லெச்சுமி எப்படி இருக்குன்னு கேட்டேன். "நாலு நாளைக்கு முன்னாடியே கன்னு போட்டுருச்சு. கிடேரி. கால் மாறி வந்துச்சு, டாக்டரைக் கூட்டியாந்து எடுத்தோம். ரெண்டும் நல்லாயிருக்கு"ன்னார். ஏண்ணே சொல்லலன்னேன். "சொன்னா நீ அங்க உக்காந்து தவிப்பே. வந்து என்ன செய்யப் போற"ன்னார். ராத்திரி பூரா தொழுவத்துலயே படுத்திருந்தாருன்னு அண்ணி அப்புறமா சொன்னாங்க. நான் ஒரு ராத்திரி பட்ட பாட்டை அவரு பதினாறு நாளும் சுமந்திருக்கார்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு ரெண்டு வார்த்தை. இப்படிப் போகணும்னா ஒரு நாள் முன்னாடி போங்க. நோட்டுல எழுதினதை அப்படியே செய்யுங்க, உங்க இரக்கத்தைக் காட்டாதீங்க. தப்பு நடந்தா முதல் போன் வீட்டுக்காரருக்குப் போகட்டும். வெளிநாடுன்னா விசா விதியைப் பாத்துக்கங்க. கூலி வாங்காட்டியும் இதை வேலைன்னு சொல்ற நாடுங்க இருக்காம், பொண்ணு சொன்னா.

வைகாசியில அண்ணனும் அண்ணியும் காசிக்குப் போறாங்க. அவங்க வீட்டுல பதினொரு ஆடு, ஒரு கிழட்டுச் சேவல். "எனக்கும் ஒரு நோட்டு எழுதிக் குடுங்கண்ணே"ன்னேன்.

"உனக்கெதுக்குடா நோட்டு"ன்னார்.